கத்தியில் ஏன் கை? கை மேல் ஏன் கிரீடம்?

பிரான்சு நாட்டில் "ஒப்பினெல்" என்று ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. மரத்தால் ஆன கைப்பிடி. அதற்குள் மடங்கும் ஒரே ஓர் அலகு. அவ்வளவுதான் கத்தி. குடியானவர்கள் ரொட்டி அறுக்கவும், பழம் நறுக்கவும், குச்சி சீவவும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள்.

அந்தக் கத்தியை விரித்து, அலகைப் பாருங்கள். அதில் ஒரு சின்னப் படம் இருக்கும். ஒரு கை. அதில் மூன்று விரல்கள் நீட்டிக்கொண்டு இருக்கும். மற்ற இரண்டும் மடங்கி இருக்கும். கைக்கு மேலே ஒரு கிரீடம்!

கத்திக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? கைக்கு ஏன் கிரீடம்?

அது அந்தக் கத்தியைச் செய்தவர் தேர்ந்தெடுத்த முத்திரை. "இது என் பட்டறையில் செய்தது, இதற்கு நான் பொறுப்பு" என்று அவர் சொல்லும் சொல் அது.

நம் வீடுகளில் பித்தளைக் குடத்திலும், எவர்சில்வர் தட்டிலும் பெயர் வெட்டி வைக்கிறோம். அது பாத்திரத்தின் சொந்தக்காரர் பெயர். பாத்திரம் தொலைந்து போகக் கூடாது என்பதற்காக வெட்டுவது. கத்தியில் இருக்கும் முத்திரை அப்படி அல்ல. அது செய்தவருடைய பெயர். கத்தி மொக்கையாகப் போனால் யாரைத் திட்ட வேண்டும் என்று அது சொல்லிவிடும்!

மலை ஊர்க் கொல்லர்

பிரான்சு நாட்டின் கிழக்கே, ஆல்ப்ஸ் மலையில், சவாய் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரு சிறு கிராமத்தில் 1872-ம் ஆண்டில் ஜோசப் ஒப்பினெல் பிறந்தார். தாத்தா காலத்தில் இருந்தே கொல்லுப்பட்டறைக் குடும்பம். அவருடைய தந்தை செய்த கோடரிக்கும் அரிவாளுக்கும் அந்த வட்டாரத்தில் நல்ல பெயர்.

ஜோசப் 18 வயதில், 1890-ம் ஆண்டில், ஒரு சிறிய மடக்குக் கத்தி செய்தார். அது பலருக்கும் பிடித்துவிட்டது. 1897-ல் சிறியதும் பெரியதுமாக, 1 முதல் 12 வரை எண் போட்டு, 12 அளவுகளில் செய்ய ஆரம்பித்தார்.

சொந்த ஊருக்குள் விற்கும் வரையில் முத்திரை எதற்கு? கத்தி சரியில்லை என்றால் நேரே பட்டறைக்கு வந்து கேட்டுவிடுவார்கள். ஆனால் கத்தி மலையை விட்டு இறங்கி வெளியூர்ச் சந்தைக்குப் போனது. வாங்குகிறவருக்கு ஜோசப்பின் முகம் தெரியாது. அப்போதுதான் முத்திரை வேண்டி இருந்தது.

பிரான்சில் இந்த வழக்கம் மிகப் பழையது. ஒன்பதாம் சார்லஸ் என்ற அரசர் 1565-ம் ஆண்டிலேயே ஓர் உத்தரவு போட்டார். கத்தி செய்யும் தலைமைத் தொழிலாளி ஒவ்வொருவரும் தம் பொருளில் ஒரு சின்னம் பதிக்க வேண்டும் என்பது உத்தரவு. பொருள் எங்கே இருந்து வந்தது, யார் அதன் தரத்துக்குப் பொறுப்பு என்று தெரிய வேண்டும் அல்லவா?

1909-ம் ஆண்டில் ஜோசப் தமக்கு ஒரு சின்னத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் சுத்தியலை எடுத்துக்கொள்ளவில்லை. உலையை எடுத்துக்கொள்ளவில்லை. தம் முகத்தையும் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து நகரத்தின் சின்னத்தைப் பார்த்தார். அந்த நகரத்தின் பெயர் சான் ழான் த மொரியேன். (வாயில் நுழையவில்லையா? எனக்கும்தான்!) ஏசுநாதருக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் பெயரைக் கொண்ட ஊர் அது. யோவானின் மூன்று விரல் எலும்புகள் அந்த ஊர் மாதா கோவிலில் இருப்பதாக ஐதீகம். 6-ம் நூற்றாண்டில் தெக்லா என்ற புண்ணியவதி எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் இருந்து அவற்றைக் கொண்டு வந்தாராம். அதனால் ஆசீர்வாதம் செய்யும் கை அந்த ஊரின் சின்னம் ஆயிற்று.

அந்தக் கையை ஜோசப் எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒரு கிரீடம் வைத்தார். சவாய் பிரான்சோடு சேர்ந்தது 1860-ல்தான். அதற்கு முன் பல நூறு ஆண்டுகள் அது தனிப் பிரபுக்கள் ஆண்ட பூமி. அந்தப் பிரபுக்களின் நினைவாகக் கிரீடம்.

ஆக, கை அவருடைய ஊர். கிரீடம் அவருடைய நாடு. அந்த மலைக்காரர் எவர் பார்த்தாலும், "அட, இது நம்ம பக்கத்துக் கத்தி!" என்று சொல்லிவிடுவார். என்னைக் கேட்டால், முத்திரை தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஜோசப் 1960-ல் காலமானார். அவருடைய கை இன்றும் கத்தியில் இருக்கிறது.

33 பேர் காவல்!

முத்திரை விஷயத்தில் இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் கண்டிப்பானவர்கள்.

அங்கே ஷெபீல்டு என்று ஒரு நகரம். கத்தி என்றால் ஷெபீல்டு என்று உலகம் சொன்ன காலம் உண்டு. 1624-ம் ஆண்டில் அந்த நகரத்துக் கத்தித் தொழிலாளர்களுக்காகப் பார்லிமெண்டு தனியாக ஒரு சட்டம் செய்தது. சட்டப்படி ஒரு சங்கம் ஏற்பட்டது. ஒரு தலைவர், இரண்டு துணைவர்கள், ஆறு சோதனைக்காரர்கள், 24 உதவியாளர்கள். மொத்தம் 33 பேர்!

சங்கம் இரண்டு கட்டளைகள் போட்டது. கத்தியின் வாய் எஃகாக இருக்க வேண்டும். எஃகு தவிர வேறு எதுவும் கூடாது. இது ஒன்று. ஒவ்வொருவரும் சங்கம் தமக்குக் கொடுத்த முத்திரையை மட்டுமே பதிக்க வேண்டும். இது இரண்டாவது.

இரண்டையும் சேர்த்துப் போட்டதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெறும் இரும்பில் வாய் வைத்து ஏமாற்றினால், யார் ஏமாற்றியது என்று முத்திரை காட்டிக் கொடுத்துவிடும்!

ஒரு பையன் குறைந்தது ஏழு ஆண்டுகள் ஓர் ஆசானிடம் வேலை பழக வேண்டும். அவன் அடிக்கும் கத்தியில் எல்லாம் ஆசானின் முத்திரைதான். பழகி முடித்து, தனித் தொழில் செய்ய உரிமை பெற்ற பிறகுதான் அவனுக்கு என்று ஒரு முத்திரை கிடைக்கும். ஏழைத் தொழிலாளிக்கு நிலம் கிடையாது. வீடும் வாடகை வீடு. முத்திரைதான் சொத்து. அவன் இறந்துபோனால், அவன் மனைவி அதே முத்திரையைப் பதித்துத் தொழில் நடத்திக் குழந்தைகளைக் காப்பாற்றலாம்.

அந்தக் காலத்து முத்திரைகளைப் பாருங்கள். நட்சத்திரம், சிலுவை, இதயம், கிரீடம், ஒன்றிரண்டு எழுத்து. ஏன் இவ்வளவு எளிய படங்கள்?

வாங்குகிற மக்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. நீளமாகப் பெயர் எழுதி என்ன பயன்? "நட்சத்திரமும் சிலுவையும் போட்ட கத்தி கொடு" என்றால், எழுத்து தெரியாதவரும் ஏமாற மாட்டார்.

நட்சத்திரமும் சிலுவையும் ராட்ஜர்ஸ் குடும்பத்தின் முத்திரை. உண்மையில் அது அவர்களைவிடப் பழையது. 1682-ல் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. 1764-ல் ராட்ஜர்ஸ் குடும்பத்துக்கு வந்தது. வந்த முத்திரையை அவர்கள் எங்கோ கொண்டு போய்விட்டார்கள். 1822-ம் ஆண்டின் பெயரால் 1,822 அலகுகள் கொண்ட ஒரு கத்தி செய்தார்கள் என்றால் பாருங்களேன்! அதை வைத்து எதையும் வெட்ட முடியாது. வேடிக்கை பார்க்கத்தான் முடியும்.

"நானே மேல்!"

படிக்கத் தெரிந்தவர்கள் பெருகியதும், முத்திரையில் எழுத்தும் விளையாட்டும் வந்தன.

ஷெபீல்டில் ஊஸ்டன்ஹோம் என்று ஒரு கத்திக் குடும்பம். அவர்களுடைய முத்திரை மூன்றே ஆங்கில எழுத்துகள்: ஐ, எக்ஸ், எல். சேர்த்துப் படித்துப் பாருங்கள். "ஐ எக்ஸெல்" என்று வரும். "நான் மற்றவர்களை மிஞ்சுகிறேன்" என்று பொருள்! இந்த முத்திரையும் 1787-ல் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டு, பின்னால் இவர்கள் கைக்கு வந்ததுதான். ஆனால் இதை அமெரிக்கா முழுவதும் பரப்பியவர் ஜார்ஜ் ஊஸ்டன்ஹோம். கப்பலேறி அமெரிக்காவுக்குப் பல தடவை போய் வந்த மனிதர்.

குடும்பத்தின் பழைய பெயர் ஆங்கிலத்தில் இன்னும் இரண்டு எழுத்து நீளம். கத்தி அலகில் இடம் போதாமல் பெயரையே சுருக்கிக்கொண்டார்கள் என்று சொல்கிறார்கள். கத்திக்காகப் பெயரை வெட்டிக்கொண்டவர்கள்!

"நான் மிஞ்சுகிறேன்" என்று ஒருவர் போட்டால், பக்கத்துப் பட்டறைக்காரர் சும்மா இருப்பாரா? ஜோசப் ஆலன் என்பவரின் கம்பெனி, "நன் எக்ஸெல்" என்று ஒலிக்கும்படி முத்திரை போட்டது. "மிஞ்சுகிறவர் எவரும் இல்லை" என்று அர்த்தம். வார்டு கம்பெனி ஓர் ஆங்கில எழுத்தையும், 4 என்ற எண்ணையும், ஒரு சொல்லையும் சேர்த்து, "பி-ஃபோர் எனி" என்று போட்டது. "எவருக்கும் முன்னால்" என்று பொருள். தேர்தல் சுவரொட்டி தோற்றது போங்கள்!

ஊர்ப் பெயருக்கே ஆபத்து

பெயர் வாங்கிய முத்திரையைச் சுற்றித் திருடர்கள் வருவார்கள். இது நெடுங்காலமாக நடப்பது.

ஜெர்மனியில் பாசௌ நகரத்து வாள் செய்வோர் ஓடும் ஓநாயைச் சின்னமாக வைத்திருந்தார்கள். ஓநாய் போட்ட வாளுக்குக் கிராக்கி ஏற்பட்டது. உடனே அதே நாட்டில் சோலிங்கன் நகரத்துக்காரர்களும் தங்கள் வாளில் ஓநாயைப் பதித்துவிட்டார்கள்! பிறகு அதே சோலிங்கன் பெரிய பெயர் வாங்கியது. பீட்டர் ஹெங்கல்ஸ் என்பவர் 1731-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி, சோலிங்கன் சங்கத்தில் "இரட்டையர்" சின்னத்தைப் பதிவு செய்தார். ஜூன் 13 மேற்கத்திய சோதிடக் கணக்கில் மிதுன ராசிக்கு உரிய நாள். மிதுனம் என்றால் இரட்டையர்தானே! அந்த இரட்டையர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கடைகளில் பார்க்கலாம்.

19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியில் செய்த மட்டமான கத்திகள் சில, ஷெபீல்டு என்ற பெயரைப் போட்டுக்கொண்டு விலைக்கு வந்தன. ஷெபீல்டுத் தொழிலாளர்கள் கொதித்தார்கள். 1887-ல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. பொய்யான ஊர்ப் பெயர் கூடாது. வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று போட வேண்டும் என்றது சட்டம். "ஜெர்மனியில் செய்தது" என்ற வாசகம் அப்படித்தான் பிரபலம் ஆயிற்று. அவமானமாக இருக்கட்டும் என்று போடச் சொன்ன வாசகம், பிற்காலத்தில் தரத்துக்கே அடையாளம் ஆகிவிட்டது! சோலிங்கன்காரர்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய ஊர்ப் பெயரைக் காப்பாற்ற 1938-ல் தனிச் சட்டம் ஏற்பட்டது.

பதிவு செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? அதற்குப் பிரான்சிலேயே ஓர் ஊர் இருக்கிறது. லயோல். சில நூறு குடும்பங்கள் வாழும் சிறு ஊர். கைப்பிடி வளைந்த அழகான மடக்குக் கத்திக்குப் பேர் போனது. கத்தியின் முதுகில் ஒரு தேனீ இருக்கும். (நெப்போலியன் கொடுத்த தேனீ என்று கடைக்காரர்கள் கதை விடுவார்கள். நம்பாதீர்கள். கத்தியில் தேனீ வந்து உட்கார்ந்தது நெப்போலியன் போய்ப் பல காலம் கழித்து.) தேனீயும் எவருக்கும் தனிச் சொத்து இல்லை, ஊர்ப் பெயரையும் எவரும் பதிவு செய்து வைக்கவில்லை.

1993-ல் வெளியூர் வியாபாரி ஒருவர் "லயோல்" என்ற பெயரைப் பல சரக்குகளுக்குத் தம் பெயரில் பதிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரைப் பார்த்தே இராத எத்தனையோ பொருள்களில் அந்த ஊரின் பெயர்! ஊர் மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2012-ல் தோற்றார்கள். மனம் வெறுத்து, ஊர் எல்லையில் இருந்த பெயர்ப் பலகையையே கழற்றினார்கள். தங்கள் ஊரின் பெயர் தங்களுக்கு இல்லை என்றால் பலகை எதற்கு? 2014-ல் அப்பீலிலும் தோல்வி. விடவில்லை. கடைசியில் 2019-ல்தான் பாரிஸ் மேல் கோர்ட்டு அந்த வியாபாரியின் 20 பதிவுகளை ரத்து செய்தது. 1993 எங்கே, 2019 எங்கே? 26 ஆண்டுகள்!

ஒரே அடி

சரி, இன்று ஒருவர் தம் கையால் கத்தி செய்கிறார். அவர் எப்படி முத்திரை தேர்ந்தெடுப்பார்?

முதலில் இரும்பு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். முத்திரை அச்சு என்பது ஒரு கெட்டியான எஃகுத் துண்டு. அதன் நுனியில் எழுத்தோ படமோ இடம் வலமாகத் திருப்பி வெட்டி இருக்கும். அதைக் கத்தி அலகின் மேல், கைப்பிடிக்குப் பக்கத்தில் வைத்து, ஓங்கி ஓர் அடி. ஒரே அடிதான்! இரண்டாவது அடி கொஞ்சம் நகர்ந்து விழுந்தால், நட்சத்திரத்துக்கு நிழல் விழுந்த மாதிரி ஆகிவிடும்.

அடிக்கிற நேரமும் முக்கியம். தோய்ச்சல் போடுவதற்கு முன்னாலேயே அடித்துவிட வேண்டும். தோய்ச்சல் என்றால், பழுக்கக் காய்ந்த எஃகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கிக் கெட்டியாக்குவது. கெட்டியான பிறகு அடித்தால் அச்சும் உடையலாம், அலகும் உடையலாம். அதற்காக முத்திரையை ரொம்ப ஆழமாகவும் பதிக்கக் கூடாது. ஆழமான குழியின் கூர்மையான மூலையில் இருந்து, தோய்ச்சல் போடும்போது விரிசல் ஓடும். ஒரு வார வேலை ஒரு நொடியில் போய்விடும்!

நுணுக்கமான படம் வேண்டாம் என்பது இதனால்தான். மயிலைத் தோகையோடு வெட்டலாம். ஆனால் சாணையில் நான்கு தடவை தேய்த்ததும் மயில் காக்கையாகிவிடும். வட்டத்தைவிட நேர்க்கோடு வெட்டுவது சுலபம். அரைத்தாலும், மெருகு போட்டாலும், பத்து வருஷம் தேய்ந்தாலும் மிச்சம் இருக்கிற படமே நல்ல முத்திரை. இப்போது சிலர் உப்புத் தண்ணீரையும் மின்சாரத்தையும் வைத்து அரித்து எழுதுகிறார்கள். அதில் நுணுக்கம் வரும். அடித்த முத்திரையின் ஆழம் வராது.

அடுத்தது, வேறு எவருடையதைப் போலவும் இருக்கக் கூடாது. நட்சத்திரமும் சிலுவையும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ராட்ஜர்சுக்குப் போய்விட்டது. பதிவுப் புத்தகத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அச்சு வெட்டக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, அவசரப்படக் கூடாது. நூறு கத்தி விற்ற பிறகு முத்திரையை மாற்றினால், பழைய நூறு கத்தியும் அநாதை ஆகிவிடும்.

42 ஆண்டுகள் காத்திருந்தவர்

ஷெபீல்டில் ஸ்டான் ஷா என்று ஒரு தொழிலாளி இருந்தார். 1926-ல் பிறந்தவர். 1941-ல், பள்ளிக்கூடம் விட்டதும், கத்திப் பட்டறையில் பையனாகச் சேர்ந்தார். அந்தக் கம்பெனியின் முத்திரை ஒரு பிடில். சிறுவன் ஸ்டான் செய்த கத்திகளில் பிடில் பதிந்தது. பிறகு ஊஸ்டன்ஹோம் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் செய்த கத்திகளில் "ஐ எக்ஸெல்" பதிந்தது. அதற்குப் பிறகு இன்னொரு கம்பெனி, இன்னொரு முத்திரை.

அதற்குள் ஷெபீல்டின் பெரிய கம்பெனிகள் ஆட்டம் கண்டன. பரம வைரிகளாக இருந்த ராட்ஜர்சும் ஊஸ்டன்ஹோமும் 1971-ல் ஒரே குடைக்குள் வந்துவிட்டன. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின.

ஸ்டான் ஷா 1983-ல் தனியாகத் தொழில் ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது 57 இருக்கும். இயந்திர யுகத்தில், ஒரு பெஞ்சு, ஒரு பிடிச்சிராவி, அரம், கையால் சுற்றும் துளைக்கருவி. அவற்றை வைத்துக்கொண்டு பேனாக்கத்தி செய்தார். பிடிக்குச் சிப்பியும் கொம்பும் பதித்தார். உலகத்தின் நாலு மூலையில் இருந்தும் கேட்டு எழுதினார்கள். அவர் கத்திக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2021-ல், 94-வது வயதில் அவர் காலமானார்.

தனித் தொழில் ஆரம்பித்தபோது அவரும் முத்திரை தேர்ந்தெடுக்க வேண்டி இருந்தது. 42 ஆண்டுகள் மற்றவர்களின் பிடிலையும் எழுத்தையும் பதித்த மனிதர். கிரீடம் போட்டிருக்கலாம். சிங்கம் போட்டிருக்கலாம். "நானே மேல்" என்று போட்டிருந்தாலும் எவரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

அவர் அலகில் பதித்தது தம் பெயரையும், தம் ஊரையும்தான்: "ஸ்டான் ஷா, ஷெபீல்டு."